டாம் தூங்குகிற படம்

இந்தப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு, பங்காருபாளையத்துக்குப் போயிருந்தேன். ஊரில் அதற்குச் சங்கராந்தி என்று பெயர். அக்கா வீட்டில் இரண்டு பெயரும் புழங்கும், சமையலைப் பொறுத்து. மத்தியானச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் பாயை விரித்த பிறகு கூடம் பிள்ளைகளின் ஆட்சிக்குப் போயிற்று. அக்காவின் கடைக்குட்டி, எதிர்வீட்டு அண்ணன் தங்கை, அத்தான் வழியில் வந்திருந்த மூன்று பேர். யாரோ ஒருவரின் செல்போனைத் தொலைக்காட்சியோடு இணைத்து, 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு வீட்டு மொழி தமிழ், பாதிப் பேருக்குத் தெலுங்கு. படத்தில் பேச்சே இல்லாததால் சண்டைக்கு வழியில்லை.

ஒரு படம் தொடங்கியதும் எதிர்வீட்டுப் பையன், "இதி ஒத்துரா" என்றான். வேண்டாமாம். அக்கா மகனும் ஒத்துக்கொண்டான்: "ஆமா, இதுல டாம் தூங்கிட்டே இருக்கும். ஸ்கிப் பண்ணு." ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது மூலையில் சுவரில் சாய்ந்திருந்த என் தாய்மாமா, "இருடா, அந்த எலி எங்க போவுதுன்னு பாக்கலாம்" என்றார். எழுபது வயதுக்காரர் கேட்டால் பிள்ளைகள் மறுப்பதில்லை, பண்டிகை நாளில் மட்டுமாவது.

அந்தப் படம் 'மவுஸ் இன் மன்ஹாட்டன்'. 1945 ஜூலை 7 அன்று வெளியானது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக 1940 முதல் 1958 வரை எடுத்த 114 டாம் அண்ட் ஜெர்ரி குறும்படங்களில் ஒன்று. அந்த வரிசையில் 7 படங்கள் ஆஸ்கர் வாங்கின. இது வாங்கவில்லை. 1945ஆம் ஆண்டுக்கான பரிசு இதே வரிசையில் வந்த 'குவயட் ப்ளீஸ்!' படத்துக்குப் போயிற்று. பியானோ வாசிக்கும் பூனையைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. ஊரைவிட்டு ஓடிப்போன எலியை எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம். பிள்ளைகள் தாண்டிப்போகும் படம் என்பது அன்றுதான் கண்ணெதிரே தெரிந்தது.

எனக்கு இது இந்த வரிசையிலேயே மிகச் சிறந்த மூன்று நான்கு படங்களுள் ஒன்று. ஏன் என்று பிள்ளைகளிடம் சொல்ல முயன்று தோற்றேன். இங்கே இன்னொரு முறை முயல்கிறேன்.

கதை இவ்வளவுதான். கிராமத்து வீட்டில் டாம் தூங்குகிறது. ஜெர்ரி, அதற்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு நியூயார்க்குக்குக் கிளம்புகிறது. ரயில் நிலையத்தின் உயரத்தைப் பார்த்து வாய்பிளக்கிறது. யாருடைய சப்பாத்துக்கோ மெருகு போடுகிற இடத்தில் போய் மாட்டிப் பின்புறத்தைக் கறுப்பாக்கிக்கொள்கிறது. வானளாவிய கட்டடங்களை அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறது. ஒரு ஓட்டலின் உச்சி மாடிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கொண்டாட்டம், பிறகு ஆபத்து, பிறகு ஓட்டம். கடைசியில் வீடு. மொத்தம் எட்டு நிமிடத்துக்குள்.

மேலே 'கிளம்புகிறது', 'பார்க்கிறது' என்று எழுதியபோதே கை தயங்கியது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு வருகிற வியாதி இது. எலி அஃறிணை. 'அது' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கூடத்தில் இருந்த பிள்ளைகள் ஒருவர்கூட 'அது' என்று சொல்லவில்லை, ஜெர்ரியைப் பொறுத்தவரை. தமிழ்ப் பிள்ளைகள் 'அவன்' என்றார்கள், தெலுங்குப் பிள்ளைகள் 'வாடு' என்றார்கள். (தெலுங்கில் பெண்ணைக் குறிக்கும் ஒருமையும் அஃறிணையும் ஒரே விகுதியில் போய் நிற்கும். அந்த இலக்கணத்தைப் பற்றி என் அக்காவுக்குத் தனிக் கருத்து உண்டு. அது வேறு கட்டுரை.) டாமை மட்டும் அவர்கள் சில சமயம் 'அது' என்றார்கள். 'டாம் தூங்கிட்டே இருக்கும்' என்று அக்கா மகன் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இது சின்ன விஷயமல்ல. ஆங்கிலத்தில் ஜெர்ரி எப்போதுமே 'அவன்'தான். ஆங்கிலக்காரனுக்கு யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. தமிழில் நாம் ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தாக வேண்டும். துரத்தல் படங்களுக்கு 'அது' போதும். அங்கே ஜெர்ரி ஒரு வேகம், ஒரு தந்திரம். டாமின் வாலில் சுத்தியலைப் போட்டதற்கு அடுத்த கணம் அதன் மனதில் என்ன ஓடியது என்று நாம் கேட்பதில்லை. இந்தப் படத்தில் கேட்கிறோம். எட்டு நிமிடமும் அந்த முகம் ஒன்றுதான் நமக்குத் துணை. ஆகவே இந்தப் படத்தில் மட்டும் ஜெர்ரி உயர்திணை என்று தீர்மானிக்கிறேன். இனி 'அவன்'.

டாமைத் தூங்க வைத்ததுதான் இந்தப் படத்தின் துணிச்சல். ஐந்து வருடமாகத் துரத்தலை விற்றுப் பேர் வாங்கிய இரண்டு பேர், துரத்துகிறவனைப் பாயில் படுக்கப் போட்டுவிட்டுப் படம் எடுக்கிறார்கள். எம்.ஜி.ஆர். படத்தில் நம்பியாருக்கு விடுமுறை கொடுத்தது மாதிரி. கொட்டகையில் என்ன மிஞ்சும்? வேடிக்கை பார்க்கிற ஒரு சின்ன உருவம் மிஞ்சும். ஊருக்குப் புதிதாக வந்தவன் செய்கிற முதல் வேலை அதுதானே? பட்டணம் அவனைக் கவனிப்பதற்கு முன்னால் அவன் பட்டணத்தைக் கவனிக்கிறான். அந்த நேரத்துக்கு ஒரு அழகு உண்டு. பிறகு எத்தனை வருடம் அங்கே இருந்தாலும் அது திரும்ப வராது.

இதற்கு இசை எவ்வளவு உதவுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். எம்.ஜி.எம். கார்ட்டூன்களுக்கு இசையமைத்தவர் ஸ்காட் பிராட்லி. துரத்தல் படங்களில் அவருடைய இசை கால்களின் பின்னால் ஓடும். பூனை மாடிப்படியில் உருண்டால் பியானோவும் உருளும். இந்தப் படத்தில் லூயிஸ் ஆல்டர் 1928இல் எழுதிய 'மன்ஹாட்டன் செரினேட்' என்ற மெட்டை எடுத்து, படத்தின் முதுகெலும்பாக வைத்துவிட்டார். இங்கே கால்கள் இசையின் பின்னால் நடக்கின்றன. ஜெர்ரி தெருவில் நடக்கிற நடையைப் பாருங்கள். சட்டைப்பையில் காசில்லாதவன் முதல் நாள் மௌண்ட் ரோட்டில் நடக்கிற நடை அது. நான் 20 வயதில் சென்னை வந்தபோது அப்படித்தான் நடந்தேன். நல்ல வேளையாக யாரும் படம் எடுக்கவில்லை.

உச்சி மாடிக் காட்சிக்கு வருகிறேன், ஏனென்றால் படம் அங்கேதான் இருக்கிறது. விருந்துக்குத் தயாரான மேசை. அதன்மேல் அலங்காரத்துக்காக நிறுத்தி வைத்த சின்னச் சின்னப் பெண் பொம்மைகள், ஜெர்ரியின் உயரத்துக்குச் சரியாக. பின்னால் ஜன்னல் ஜன்னலாக வெளிச்சம் போட்ட நகரம். ஜெர்ரி ஒவ்வொரு பொம்மையாகக் கைபிடித்து ஆடுகிறான். அவன் முகத்தில் பெருமை தாங்கவில்லை. நாம் சிரிக்கிறோம். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் உறைக்கிறது: பட்டணத்தில் அவனோடு ஒருவரும் ஆடவில்லை. அவன் அசைத்தால் பொம்மை அசைகிறது, விட்டால் நின்றுவிடுகிறது. அந்த ஊரில் அவனுக்குக் கிடைத்த ஒரே தோழமை அவனே உண்டாக்கிக்கொண்டது. அதே 1945இல்தான் 'ஆங்கர்ஸ் அவே' படத்தில் ஜெர்ரி, ஜீன் கெல்லியோடு ஆடியது. அந்த ஆட்டம் சினிமா சரித்திரத்தில் ஏறிவிட்டது. மனிதனும் கார்ட்டூனும் சேர்ந்து ஆடியது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டில் எது மனதில் தங்குகிறது என்று கேட்டால் நான் பொம்மைகளின் பக்கம்.

ஆட்டம் முற்றும்போது கால் தவறுகிறது. ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றிக்கொண்டு மாடியின் விளிம்புக்கு வெளியே தொங்குகிறான். கீழே கார்கள் புள்ளிகளாக ஓடுகின்றன. சற்று முன்வரை வெளிச்சமாக இருந்த நகரம் இப்போது ஆழமாக மாறிவிடுகிறது. ஒரே இடம்தான், பார்க்கிற கோணம் மட்டும் மாறியிருக்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் இதைச் சொன்னவர்களைச் சாதாரணமானவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை பாராட்டு. இனி குறை.

இங்கிருந்து படம் அவசரப்படுகிறது. ஷாம்பேன் பாட்டிலின் தக்கையோடு பறந்து ஒரு சந்தில் விழுகிறான். அங்கே தெருப்பூனைகள். தப்பித்தால் நகைக்கடை. நகைக்கடையில் திருடன் என்று போலீஸ் சுடுகிறது. அங்கிருந்து ஓடினால் சுரங்க ரயில். பிறகு பாலத்தைக் கடந்து வீட்டுக்கு ஒரே ஓட்டம். இவ்வளவும் ஒரு மூச்சில். பூனைகள் ஒன்றே போதும். நகைக்கடை இருந்திருந்தால் பூனை வேண்டாம். ரயில் எதற்கென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. முதல் ஐந்து நிமிடம் துரத்தல் இல்லாமல் ஓட்டியாகிவிட்டதே, டிக்கெட் வாங்கியவன் என்ன சொல்வானோ என்று பயந்து, கடைசியில் மொத்தக் கடனையும் வட்டியோடு அடைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. நிதானமாக வளர்ந்த படம் வழக்கமான கார்ட்டூனாகச் சுருங்குகிற இடம் இது. தேர்வாளராக நான் இருந்தால் இங்கே மதிப்பெண் குறைப்பேன், மனவருத்தத்தோடு.

இன்னொரு குற்றச்சாட்டையும் சிலர் சொல்லக்கூடும். பட்டணம் பொல்லாதது, பட்டிக்காடே சொர்க்கம் என்கிற பழைய பாட்டுத்தானே இது என்பார்கள். ஈசாப் காலத்திலிருந்து நகரத்து எலியும் நாட்டுப்புறத்து எலியும் இதையேதான் சொல்லி வருகின்றன. டிஸ்னி 1936இல் 'தி கன்ட்ரி கசின்' என்று அந்தக் கதையைப் படமாக எடுத்து ஆஸ்கரும் வாங்கினார். நம்மூரில் 'பட்டிக்காடா பட்டணமா' 1972இல் எப்படி ஓடியது என்பது உங்களுக்குத் தெரியும். கூடத்தில் என் அக்காவின் பெரிய மகன்கூட, "ஊர்லயே கெடன்னு சொல்றாங்க, அவ்ளோதானே மாமா?" என்றான். 22 வயது. பண்டிகை முடிந்ததும் பெங்களூருக்குப் போய் வேலையில் சேர வேண்டியவன். அவனுக்கு இந்தப் படம் பிடிக்காததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவன் சொன்னதை நான் ஏற்கவில்லை. டிஸ்னி படத்தில் நகரத்து உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான், அழைக்கிறான், வழிகாட்டுகிறான். ஜெர்ரியை யாரும் அழைக்கவில்லை. உறவு இல்லை, விலாசம் இல்லை. போ என்று சொன்னவரும் இல்லை. அவனாகக் கிளம்பினான். அவன் திரும்பி ஓடி வருவதும் அமைதியான கிராமத்துக்கு அல்ல. தன்னைப் பிடித்துத் தின்னக் காத்திருக்கும் பூனை இருக்கிற வீட்டுக்கு! கிராமம் நல்லது என்று சொல்ல வந்த படம் அங்கே ஒரு பூனையை வைத்திருக்காது.

பிறகு ஏன் ஓடி வருகிறான்? சந்துப் பூனைகளைப் பார்க்க வேண்டும். டாமும் பூனை, அவையும் பூனைகள். பசி ஒன்றுதான், பல் ஒன்றுதான். வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பூனைகளுக்கு இவன் ஜெர்ரி இல்லை. எலி. நகைக்கடைப் போலீசுக்கு இவன் திருடன். ரயிலுக்கு எதுவுமே இல்லை. அந்த நகரத்தில் அவன் மறுபடி அஃறிணை ஆகிவிட்டான். வீட்டில் இருக்கிற பகையாளிக்கு அவன் பெயர் தெரியும், பழக்கம் தெரியும், எந்த மூலையில் திரும்புவான் என்பது தெரியும். தெரிந்த பகைக்கும் தெரியாத பகைக்கும் இடையில் அவன் தேர்ந்தெடுத்ததை நான் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன்.

இதை எடுத்தவர்களின் பின்னணியும் கொஞ்சம் உதவும். பார்பெரா மன்ஹாட்டனிலேயே 1911இல் பிறந்து, புரூக்ளினில் வளர்ந்தவர். 1937இல் எம்.ஜி.எம். வேலைக்காக நாட்டின் மறுகோடிக்கு, கலிபோர்னியாவுக்குப் போனார். ஹன்னா, நியூமெக்சிகோ மாநிலத்து மெல்ரோஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஊரைவிட்டு வந்த ஒரு பட்டணத்துக்காரரும் ஒரு சிற்றூர்க்காரரும் சேர்ந்து எடுத்த படம். அந்த வெளிச்சத்தை அவ்வளவு ஆசையாக வரைந்ததும் அந்தத் தெருக்களைக் கண்டு அவ்வளவு நடுங்கியதும் ஒரே ஆளின் கை இல்லையோ என்று எனக்கு ஒரு ஊகம். நிரூபிக்க முடியாது. படம் வெளியான மாதத்தையும் மறந்துவிட வேண்டாம். ஜெர்மனி சரணடைந்து இரண்டு மாதம், ஹிரோஷிமாவுக்கு இன்னும் ஒரு மாதம். கடல் கடந்து போன லட்சக்கணக்கான பையன்கள் வீடு திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த கோடைக்காலம். சுடப்பட்டு, ஓடி, பாலம் கடந்து வீட்டுக்குள் விழுகிற எலியைப் பார்த்து அன்றைய கொட்டகையில் எல்லோரும் சிரித்திருப்பார்களா என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

நம் நாட்டில் இந்தப் படங்களைப் பெரிய திரையில் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். மும்பையில் எம்.ஜி.எம். 1938இல் திறந்த மெட்ரோ கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்காகவே நடந்த காட்சிகளைப் பற்றி அந்தத் தலைமுறைக்காரர்கள் இன்றும் கண் விரியப் பேசுவார்கள். தமிழிலும் பெரிய படத்தோடு சின்னக் கார்ட்டூனைக் காட்டும் ஆசை ஒரு காலத்தில் இருந்தது. ஜெமினி ஸ்டூடியோ 1947இல் 'மிஸ் மாலினி'யோடு சேர்த்து 'சினிமா கதம்பம்' என்ற கார்ட்டூனைத் திரையிட்டது. அந்த வழி தொடர்ந்திருந்தால் நமக்கும் ஒரு எலியோ அணிலோ கிடைத்திருக்கும். என் சிறுவயதில் எங்கள் ஊர்க் கொட்டகையில் என்.டி.ராமாராவுக்கு முன்னால் ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப்படம்தான் ஓடும். ஏதாவது ஒரு அணைக்கட்டு, ஏதாவது ஒரு வெள்ளம். ஜெர்ரியை நான் முதலில் பார்த்தது 1995க்குப் பிறகு, கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்து, எங்கள் தெருவுக்குக் கேபிள் கம்பி வந்த பிறகு. பத்தாம் வகுப்புப் பையன் பூனை-எலி பார்க்கிறானே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

1958க்குப் பிறகு இந்த வரிசை கைமாறியது. பிராக் நகரில் ஜீன் டைச் எடுத்த 13, பிறகு சக் ஜோன்ஸ் தயாரித்த 34. மோசமான டாம் அண்ட் ஜெர்ரி எது என்று ரசிகர்கள் சண்டை போட டைச்சின் படங்களைத்தான் வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு காரணம் வைத்திருப்பார்கள். 'மவுஸ் இன் மன்ஹாட்டன்' அந்தச் சண்டையில் வருவதில்லை, நல்லது எது என்ற சண்டையிலும் அதிகம் வருவதில்லை. அதுதான் என் வருத்தம்.

இனி என் தொழில். இந்தப் படத்தில் மொழிபெயர்க்க இரண்டே இரண்டு இடம் இருக்கிறது. ஒன்று கடிதம். இன்னொன்று கடைசியில் ஜெர்ரி தன் வளைக்கு மேல் மாட்டுகிற பலகை. பலகையில் இருப்பது 'ஹோம் ஸ்வீட் ஹோம்' என்ற, உலகம் முழுக்கத் தெரிந்த மூன்று ஆங்கிலச் சொல். 'இனிய இல்லம்' என்று போட்டால் வீட்டுவசதிக் கழகத்து விளம்பரம் மாதிரி இருக்கும். எனக்கு ஒரு யோசனை உண்டு. 'எலி வளையானாலும் தனி வளை' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். எலிக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன கிடைக்கும்? பல வருடம் இதை நினைத்து நானே என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பொங்கலன்று அதுவும் சந்தேகமாகிவிட்டது. ஜெர்ரியின் வளை தனி வளையே இல்லை. பூனை வாழும் வீட்டின் சுவரில் இருக்கிற ஓட்டை. அந்தத் தனிமை வேண்டுமென்றுதான் அவன் மன்ஹாட்டனுக்குப் போனான், அங்கே அது வேண்டிய மட்டும் கிடைத்தது, அதனால்தான் திரும்பினான். என் பழமொழி படத்துக்கு நேர் எதிராக நிற்கிறது. மொழிபெயர்ப்பில் மிக அழகாகப் பொருந்துகிற சொல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று பிறருக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். பலகையைக் காலியாக விட்டுவிட்டேன்.

கடிதத்தின் கதை வேறு. ஓடி வந்த ஜெர்ரி முதலில் செய்யும் காரியம் அந்தக் கடிதத்தைக் கிழிப்பது. பிறகு தூங்குகிற டாமை முத்தமழையில் நனைக்கிறான். டாம் ஒன்றும் புரியாமல் விழிக்கிறது. அது கடிதத்தைப் படிக்கவே இல்லை. ரயிலும் பொம்மையும் மெழுகுவர்த்தியும் துப்பாக்கியும் அதற்குத் தெரியாது. ஜெர்ரி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. இந்த முடிவை வெறும் சிரிப்பென்று நினைத்துக்கொண்டிருந்தேன், மாமா வாயைத் திறக்கும்வரை.

"எலியாவது லெட்டர் எழுதி வெச்சுட்டுப் போச்சு. நான் அதுகூட இல்ல" என்றார்.

பிள்ளைகளுக்குப் புரியவில்லை. எனக்கே முழுக்கத் தெரியாத கதை. 1974இல், 19 வயதில், மாமா ஒருநாள் இரவு சொல்லாமல் கிளம்பி, மொகிலி காட் ஏறுகிற லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு லாட்ஜில் எட்டு மாதம் பக்கெட் தூக்கினார். ராத்திரியில் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு விளக்குகளைப் பார்ப்பாராம். "அந்த எலி பாக்கற மாதிரியேதான்" என்று சேர்த்துக்கொண்டார். பிறகு லாட்ஜில் யாருடைய கைக்கடிகாரமோ காணாமல் போயிற்று. புதுப்பையன், தெலுங்குக்காரன் என்று இவரை நிற்க வைத்து விசாரித்தார்கள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர் தெலுங்குக்காரன் ஆனது பெங்களூரில்தான். கடிகாரம் மறுநாளே ஒரு தலையணைக்கடியில் கிடைத்தது. அவர் அதற்குள் பஸ் ஏறிவிட்டார்.

"வந்ததும் தாத்தா என்ன மாமா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"இன்னா சொல்வாரு? திண்ணையில உக்காந்துக்கினு இருந்தாரு. பாத்தாரு. 'மாட்டுக்குத் தண்ணி காட்டு'ன்னாரு. காட்டினேன்."

அதன் பிறகு 50 வருடம் மாந்தோப்பு, கரும்பு, வெல்லக் கொப்பரை. போன வருடமும் பெங்களூரா மாங்காய்க்கு விலையில்லாமல் பட்ட பாட்டை அன்று காலையில்தான் புலம்பியிருந்தார். சித்தூர் ஜில்லாவின் பிரதான மாம்பழத்துக்கு அந்த ஊரின் பெயரே இருப்பதை அவர் ஒருபோதும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டதில்லை.

பிள்ளைகள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். அதில் டாம் நன்றாக விழித்திருந்தது, இஸ்திரிப் பெட்டியெல்லாம் தலையில் விழுந்தது. கூடம் அதிர்ந்தது. மாமா சிரிக்கவில்லை, வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து என்னைத் திண்ணைக்கு அழைத்தார்.

"ஏண்டா, நீ இங்கிலீசு படிச்சவன்தானே. அந்த லெட்டர்ல இன்னா எழுதியிருந்தது?"

கிராமத்து வாழ்க்கை அலுத்துவிட்டது, விளக்கு வெளிச்சமெல்லாம் இருக்கிற இடத்துக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா."

கொஞ்ச நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகிற வண்டிகள் பலமனேர் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

"நான் எழுதியிருந்தா அட்ரஸ் போட்டிருப்பேன்" என்றார்.

மூன்றாம் நாள் இரவு அக்காவின் பெரிய மகன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அக்கா முறுக்கையும் அதிரசத்தையும் திணித்துக்கொண்டிருந்தாள். மாமா ஒரு பழைய டைரியையும் பேனாவையும் நீட்டி, "தங்கற எடத்து அட்ரஸ எழுது" என்றார். அவன் பையைக் கீழே வைக்கவில்லை.

"லொகேஷன் அனுப்பறேன் தாத்தா."